பக்கத்து இருக்கை

பிப்ரவரி 9

என் அன்புத் தங்கைக்கு,

நான் சுகம். நீ, மாப்பிள்ளை, பையன் மூவரும் சுகம்தானே? உன் முதுகு எப்படி இருக்கிறது? வார்டில் கட்டிலை நீயே தள்ளாதே, அதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள் என்று எத்தனை தடவை சொல்வது!

போனிலேயே பேசலாமே என்று போன கடிதத்திலும் எழுதியிருந்தாய். போனில் நீ "நல்லா இருக்கியா" என்பாய், நான் "நல்லா இருக்கேன்" என்பேன், கதை முடிந்தது. கடிதம் என்றால் ஒரு பொய் சொல்வதானாலும் உட்கார்ந்து யோசித்துச் சொல்லலாம்.

செவ்வாயும் வெள்ளியும் கோல்ஃப் ஒழுங்காக நடக்கிறது. துறைமுக அலுவலகத்தில் இத்தனை வருஷம் காதில் டெலிபோன் கருவியை மாட்டிக்கொண்டு நாற்காலியில் கிடந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் எனக்குக் கால் இருப்பதே தெரிந்தது. கூட ஆடுவது ஒட்டகம். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கப்பல்காரர்களுக்கு லைன் கொடுத்துக்கொண்டிருந்தாளே, அவளேதான். உயரத்துக்காக நான் வைத்த பெயர் இன்னும் போகவில்லை. போன வருஷம் இடுப்பில் ஆபரேஷன் ஆகியும் என்னோடு சரிக்குச் சரியாக நடக்கிறாள். வழியெல்லாம் வாய் ஓயாது.

கிளப் செயலாளர் இப்போது பேட்டரி வண்டிகள் வாங்கிப் போட்டிருக்கிறார். ஒரு வண்டியில் இரண்டு பேர் உட்காரலாம். பந்தை அடிப்பது, ஏறுவது, பந்துகிட்டே போய் இறங்குவது. இது சாப்பாட்டை இன்னொருத்தனை மெல்லச் சொல்லிவிட்டுத் தான் விழுங்குவது மாதிரி இல்லையா? வராந்தாவில் எல்லோர் முன்னாலும் கேட்டே விட்டேன். "கால் இருக்கிறவங்க நடங்க, இல்லாதவங்க ஏறிக்குங்க!" செயலாளர் முகம் சிவந்துவிட்டது. ஒட்டகம் சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

போன வெள்ளிக்கிழமை மட்டும் பதினொன்றாவது குழியோடு பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். வெயில்.

பையனைப் படிக்கச் சொல். ஆசிகள்.

அக்கா


பிப்ரவரி 27

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். என் முதுகு என்னைப் போலவே, வேலை செய்துகொண்டே முனகுகிறது. அவருக்கு வேலை செய்யும் இடத்தில் ஷிஃப்ட் மாறிவிட்டது. வீட்டில் கணவனைப் பகலில் பார்ப்பது புதுசாக இருக்கிறது. பகலிலும் தூங்கத்தான் செய்கிறார் என்பது வேறு.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். "பாவம் அந்தச் செயலாளர்" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன். வண்டியில் ஏறுகிறவர்களுக்கு என்ன உபாதையோ, யாருக்குத் தெரியும்? உன் வாய்க்கு ஒரு தாழ்ப்பாள் போடு.

நீ வெயிலுக்குப் பயந்து பாதியில் வந்தாயா? என்னால் நம்ப முடியவில்லை. தலை சுற்றியதா? நெஞ்சை அடைத்ததா? மறைக்காமல் எழுது.

ஜூன் மாதம் பையனுக்குப் பட்டமளிப்பு. பெற்றோரோடு இன்னும் ஒருவருக்கு அனுமதி உண்டு. "பெரியம்மாதான்" என்று முதலிலேயே சொல்லிவிட்டான். இப்போதே பஸ்ஸில் இடம் பிடித்து வை.

உன் தங்கை


மார்ச் 20

அன்புத் தங்கைக்கு,

நலம். நீங்களும் நலம்தானே?

தலையும் சுற்றவில்லை, நெஞ்சும் அடைக்கவில்லை. முட்டி. இடது முட்டி. வயசானால் வருவதுதான். பெரிதுபடுத்தாதே.

சிரிக்காமல் படி. இரண்டு வாரமாக நான் வண்டியில்தான் போகிறேன். வராந்தாவில் ஏறிய அன்று செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. "மெதுவா ஓட்டுங்கம்மா, பள்ளம் இருக்கு" என்று மரியாதையாகச் சொன்னார். எனக்குக் காது வரைக்கும் சுட்டது.

ஒட்டகம் வண்டி பக்கத்திலேயே நடந்து வருகிறாள். முன்போல் கதை சொல்கிறாள். நான்தான் முன்போல் சிரிப்பதில்லை. வண்டிச் சத்தத்தில் பாதி காதில் விழுவதில்லை.

கறுப்புக் கால்சட்டை இரண்டு வாங்கினேன். அழுக்கு தெரியாது. காலையில் டீயும் விட்டுவிட்டேன். வயிற்றுக்கு இதமாக இருக்கிறது.

பட்டமளிப்புக்குப் பார்க்கலாம்.

அக்கா


ஏப்ரல் 6

அக்கா,

சுகம்தானே? நீயே வண்டியில் ஏறினாய் என்றால் வலி சாதாரணமாக இருக்காது. சிரிக்கவில்லை. (அவர் சிரித்தார். திட்டிவிட்டேன்.)

இதோடு ஒரு பார்சல் வரும். முட்டிக்குப் போடும் உறை, களிம்பு, எங்கள் பிசியோதெரபி பெண் வரைந்து கொடுத்த பயிற்சிப் படங்கள். படியில் ஏறும்போது வலிக்கிறதா, இறங்கும்போதா? காலையில் எழுந்ததும் விறைப்பாக இருக்கிறதா? வீக்கம் உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது, நர்ஸ் கேட்கிறேன்.

டீயை விட்டது சரி, தண்ணீரைக் குறைக்காதே. வெயில் காலம். நிறையக் குடி.

"பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம்? உனக்காக அவர் முன்னறையைக் காலி செய்து வெள்ளையடித்திருக்கிறார்.

உன் தங்கை


மே 12

அன்புத் தங்கைக்கு,

பார்சல் கிடைத்தது. மாப்பிள்ளைக்கு என் அன்பு. பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். வீட்டில் குழாய் ரிப்பேர், அது இது என்று ஓடிவிட்டது.

உறை கச்சிதமாக இருக்கிறது. வலது முட்டிக்கு நல்ல பிடிப்பு. வீக்கம் இல்லை.

பட்டமளிப்புக்கு என்னால் வர முடியாது. பகல் முழுக்கப் பஸ்ஸில் காலை மடக்கி உட்கார வேண்டும். நடுவில் நினைத்த இடத்தில் நிறுத்தவும் மாட்டான். பையனிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. போட்டோ அனுப்பு, சட்டம் போட்டு மாட்டுகிறேன்.

கோபித்துக்கொள்ளாதே.

அக்கா


மே 24

அக்காவுக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய்.

மார்ச் மாதம் இடது முட்டி. மே மாதம் வலது. இது ஊர் சுற்றும் முட்டியா?

பையனிடம் சொன்னேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் சட்டைக்கு இஸ்திரி போடப் போய்விட்டான். அதற்கு அவன் சண்டை போட்டிருக்கலாம். அவன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஜுரம் என்று தெரிந்தால் கிடைத்த லாரியில் ஏறி வந்தவள் நீ. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

எங்கள் மேல் ஏதாவது வருத்தமா? அவர் ஏதாவது சொல்லிவிட்டாரா? நான்தானா?

உன் தங்கை


ஜூன் 19

அக்கா,

பட்டமளிப்பு நல்லபடியாக முடிந்தது. போட்டோ வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு நாற்காலி காலியாகத் தெரியும். வேறு யாரையும் உட்கார வைக்க வேண்டாம் என்று அவன்தான் சொன்னான்.

என் போன கடிதத்துக்குப் பதில் இல்லை. போனையும் நீ எடுப்பதில்லை. உடம்புக்கு என்ன?

தங்கை


ஜூலை 8

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாக இருக்கிறாயா? வீட்டில் எல்லோரும் நலமா? நான் எழுதுவது உனக்கு ஆச்சரியமாக இருக்கும். உன் அக்காவோடு டெலிபோன் பிரிவில் இருந்தவள், நீகூட ஒட்டகம் அக்கா என்பாயே, அவள்தான். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பொறுத்துக்கொள்.

வலது மணிக்கட்டு உடைந்துவிட்டது. ஜூன் மாதக் கடைசியில் மைதானத்தில் விழுந்தேன். ஏழாவது குழிக்குப் போகிற சரிவு, ராத்திரி பெய்த மழையில் வழுக்கலாக இருந்தது. அன்றைக்கு இடுப்பு ஒரேயடியாக இழுத்தது. உன் அக்கா வண்டியில் இருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் மட்டைப் பை மட்டும்தான்.

"இன்னைக்கு நானும் ஏறிக்கறேன் சூப்பர்வைசரம்மா, இடுப்பு சொன்ன பேச்சு கேக்கல," என்றேன். ஆபீஸ் நாளிலிருந்தே அவளுக்கு நான் வைத்த பேர் அது.

"பை இருக்கு," என்றாள்.

"பையைப் பின்னாடி கட்டிக்கலாமே."

"வேணாம். நீ நடந்து வா." என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

நடந்தேன். விழுந்தேன். அதற்கு அவளைக் குற்றம் சொல்லவில்லை, வழுக்கியது என் கால். ஆனால் நான் விழுந்ததைப் பார்த்து வண்டியை விட்டுக் குதித்து ஓடி வந்தாள் தங்கச்சி. அவ்வளவு வேகமாக ஓடி வந்தவள் கொஞ்ச தூரத்திலேயே சட்டென்று நின்றுவிட்டாள். கிட்டே வரவில்லை. நான் அவளைக் கூப்பிட்டேன். செயலாளரும் இன்னொருவரும்தான் தூக்கினார்கள். அவள் பையை எடுத்து முன்னால் அணைத்துக்கொண்டு, திரும்பி நடந்து போய்விட்டாள். ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. இதுவரை ஒரு வார்த்தை இல்லை.

கிளப்பில் "கல் நெஞ்சு" என்கிறார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிந்தால் மட்டும் சொல். தெரியாவிட்டால் இதைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் பையனுக்கு என் வாழ்த்து.

இப்படிக்கு,
ஒட்டகம்


ஜூலை 15

அக்கா,

ஒட்டகம் அக்கா எழுதியிருந்தார்கள். நடந்தது தெரியும். நலம் விசாரிக்க இப்போது எனக்குப் பொறுமை இல்லை.

உன் கடிதங்களை மறுபடி எடுத்துப் படித்தேன். கறுப்புக் கால்சட்டை. டீ வேண்டாம். சிரிப்பு வேண்டாம். நினைத்த இடத்தில் பஸ்ஸை நிறுத்த மாட்டான். பக்கத்தில் யாரும் உட்காரக் கூடாது. இத்தனையையும் வார்டில் ஒரு நோயாளி சொல்லியிருந்தால் கதவைச் சாத்திவிட்டு ஒரே கேள்விதான் கேட்டிருப்பேன். சொந்த அக்காவிடம் கேட்கத் தோன்றவில்லை. முட்டிக் களிம்பு அனுப்பினேன்.

இப்போது கேட்கிறேன். சிரிக்கும்போது, இருமும்போது, நடக்கும்போது உனக்கு நீர் அடங்காமல் போகிறதா?

ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. போதும்.

தங்கை


ஆகஸ்ட் 11

தங்கைக்கு,

ஆம்.

அதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். அந்த ஒரு வார்த்தையை எழுதி உறையில் போட்டு, ஒட்டாமல் மேசைமேல் வைத்திருந்தேன். இன்றைக்கு மீதியையும் எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடு. மாப்பிள்ளைக்குக் காட்டாதே.

பிப்ரவரியில் அந்த வெள்ளிக்கிழமை பதினொன்றாவது குழிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். ஒட்டகம் எங்கள் பழைய மேலதிகாரி தும்முகிற மாதிரி நடித்துக் காட்டினாள். சிரித்தேன். தொடை வரைக்கும் சூடாக இறங்கியது. வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உனக்கு வெயில் என்று எழுதினேன். அதற்கு முன்னாலும் துளித்துளியாக இருந்ததுதான், வீட்டுக்குள் என்பதால் யாருக்கும் தெரியாது. மேட்டில் ஏறினால் வரும், தும்மினால் வரும். வண்டியில் உட்கார்ந்திருந்தால் ஓரளவு அடங்கும். அதனால்தான் ஏறினேன். கால் இருக்கிறவர்கள் நடங்கள் என்று ஊரைக் கூட்டிச் சொன்ன வாயோடு ஏறினேன்.

இருக்கையில் துண்டை மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவேன். என்மேல் வாடை அடிக்கிறது என்று எனக்கு எப்போதும் ஒரு நினைப்பு. துவைத்துத் துவைத்துக் கை தோலுரிந்துவிட்டது. அப்போதும் அடிக்கிறது போலவே இருக்கும். ஒட்டகத்தை எப்படிப் பக்கத்தில் உட்கார விடுவேன்? அவள் மூக்கு உனக்குத் தெரியாது. ஆபீஸில் யார் என்ன சாப்பாடு கொண்டுவந்தார்கள் என்று டப்பா திறக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

அவள் இடுப்பு வலிக்கிறது என்று சொன்னது என் காதில் நன்றாக விழுந்தது. முகத்தில் வலி தெரிந்தது. பார்த்துவிட்டுத்தான் "பை இருக்கு" என்றேன்.

விழுந்ததும் ஓடினேன். ஓடியதில் மொத்தமாகப் போய்விட்டது. துளி இல்லை, மொத்தமாக. அன்றைக்குக் கறுப்புக் கால்சட்டை இரண்டும் கொடியில் ஈரமாக இருந்தன. போட்டிருந்தது வெளிர் சாம்பல். அவள் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடக்கிறாள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறாள். பட்டப்பெயர் இல்லை, என் பெயர். பின்னால் செயலாளர் ஓடி வருகிற சத்தம் கேட்கிறது. நான் நின்றுவிட்டேன். பையை முன்னால் பிடித்துக்கொண்டு மரங்களுக்குப் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கல் நெஞ்சு என்று பேசிக்கொள்வது எனக்கும் தெரியும். கேட்டபோது நிம்மதியாகக்கூட இருந்தது. அந்தப் பேர் தேவலை என்று நினைத்தேன். அப்படி நினைத்ததுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம்.

பையன் நாற்காலியைக் காலியாக வைத்தானா? அதை நீ எழுதாமல் இருந்திருக்கலாம்.

அக்கா


ஆகஸ்ட் 20

என் அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அவருக்குக் காட்டவில்லை. "அக்காவுக்கு ஒன்றும் ஆபத்தில்லையே" என்று கேட்டார். இல்லை என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இத்தனை வருஷமாக முன்பின் தெரியாத பெண்களுக்குப் படுக்கை விரிப்பு மாற்றுகிறேன். ஒருத்தியையும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. என் அக்காவுக்கு மட்டும் என்மேல் அந்த நம்பிக்கை வரவில்லை. இதை ஒரு தடவை சொல்லிவிட்டேன், இனி சொல்ல மாட்டேன்.

கேள். இது உனக்கு மட்டும் வந்த சாபம் இல்லை. எங்கள் பிரிவுக்கு வருகிற பெண்கள் எல்லோரும் முட்டி, முதுகு, வயிறு என்று ஏதாவது ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் வருவார்கள். நீரை அடக்கும் தசைக்குப் பயிற்சி இருக்கிறது, மருந்து இருக்கிறது, அதிலும் கேட்காவிட்டால் சின்ன ஆபரேஷன் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குக் குறைகிறது. அங்கேயே ஒரு பெண் டாக்டரைப் பார்த்துவிட்டுப் பயிற்சியை ஆரம்பி. பிறகு இங்கே வா. தண்ணீரை மட்டும் குறைக்காதே, குறைத்தால் எரிச்சல்தான் கூடும்.

ஒட்டகம் அக்காவுக்குப் பதில் எழுதினேன். "காரணம் இருக்கிறது, உங்கள் மேல் தப்பில்லை, அவளே வந்து சொல்வாள்" என்று மட்டும். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நீ சொல்லியாக வேண்டும்.

உன் தங்கை


அக்டோபர் 30

என் அன்புத் தங்கைக்கு,

நலம் என்று எழுதினால் நம்ப மாட்டாய். முன்னைக்கு இப்போது பரவாயில்லை. டாக்டர் சின்னப் பெண். மேசையில் படுத்துக் கூரையைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னேன். எழுதிக்கொண்டே "ம்" கொட்டினாள், அவ்வளவுதான். பயிற்சியைத் தினமும் செய்கிறேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுகூடச் செய்யலாமாம், யாருக்கும் தெரியாது. நடந்தால் இன்னும் கசிகிறது. சிரிப்புக்கு ஓரளவு தாங்குகிறது.

ஒட்டகத்தைப் பார்க்கப் போக இத்தனை நாள் ஆகிவிட்டது. தெருமுனை வரை போய்த் திரும்பியதெல்லாம் உண்டு. போன வாரம்தான் கதவைத் தட்டினேன். திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை, வழிவிட்டாள். கட்டுப் பிரித்துவிட்டார்கள். ஆனால் மணிக்கட்டு முழுசாகத் திரும்பவில்லை. கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிக்கிறாள். மட்டையைப் பிடிக்க முடியுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளே "இனிமே ஆட்டம் கிடையாதாம்" என்றாள்.

நின்றுகொண்டே சொன்னேன். பாதிதான் தடுமாறாமல் வந்தது. மீதிக்குத் தரையைப் பார்த்துக்கொண்டேன். அவள் கிளாஸை இரண்டு கையாலும் மேசைமேல் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"அதுக்குத்தான் பையை வெச்சியா?"

"ஆமா."

"நான் என்ன நெனச்சேன் தெரியுமா? இடுப்புக்குத் தைலம் தேய்ச்சுட்டு வருவேனே, அந்த வாடை ஒனக்குப் பிடிக்கலன்னு நெனச்சேன். அதான் ஒட்டி ஒக்கார வேணாங்கறேன்னு. தேய்க்கறதையே விட்டுட்டேன். வலியோட கெடந்தேன். சோப்பு மாத்தினேன். பஸ்ல யாராச்சும் தள்ளி ஒக்காந்தா எனக்கு ஒடம்பெல்லாம் கூசும்."

என் அசிங்கத்தை நான் ஒளித்து வைத்ததாகத்தான் நினைத்திருந்தேன். நான் அதை அவள் தலையில் இறக்கி வைத்திருக்கிறேன். இத்தனை மாதமும் அவள் சுமந்திருக்கிறாள்.

"மன்னிச்சுடு" என்றேன்.

"இப்ப முடியாது," என்றாள். "கோவம் இருக்கு. கையைப் பாக்கறப்பல்லாம் வரும். ஆனா செவ்வாக்கெழமை வா. வீட்லயே கெடந்தா பைத்தியம் பிடிச்சுடும்."

செவ்வாய்க்கிழமை வண்டியை எடுத்தோம். அவள் ஆடவில்லை, சும்மா உட்கார்ந்து வந்தாள். நான் துண்டை விரித்தேன், மறைக்காமல். அவள் தைலம் தேய்த்துக்கொண்டு வந்திருந்தாள். வண்டி முழுக்கக் கமகமவென்று அடித்தது. மேடு வந்தால் வண்டியில் போனேன், சமதரையில் இறங்கி நடந்து பார்த்தேன். இரண்டு பேருக்கும் பேச்சு அதிகம் இல்லை. பந்து எங்கே விழுந்தது என்று மட்டும் சொன்னாள்.

திரும்பி வரும்போது வராந்தாவில் செயலாளர் எழுந்து வந்தார். சுற்றி நாலு பேர் இருந்தார்கள். "முட்டி இப்ப தேவலையாம்மா?" என்று கேட்டார்.

"முட்டியில ஒண்ணும் இல்லைங்க. எனக்கு நீர் அடங்காம போகுது. அதுக்குத்தான் வண்டி. வண்டியில போறவங்களைப் பத்தி அன்னைக்கு நான் பேசினது தப்பு. இவளை அன்னைக்கு ஏத்திக்காததும் தப்பு," என்றேன்.

யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர் மேசைமேல் இருந்த பேப்பரை மடித்தார், திரும்பப் பிரித்தார். சொன்னால் மனபாரம் இறங்கிவிடும் என்பார்களே, ஒன்றும் இறங்கவில்லை, முகம் எரிந்ததுதான் மிச்சம். வெளியே வந்ததும் ஒட்டகம், "அவ்வளவு சத்தமா சொல்லியிருக்க வேணாம்" என்றாள். கொஞ்ச தூரம் போய், "சொன்னது சரிதான்" என்றாள்.

அடுத்த மாதம் பத்தாம் தேதி காலைப் பஸ்ஸில் இடம் பிடித்துவிட்டேன். டிக்கெட் கொடுப்பவரிடம், நடுவில் நான் கேட்கிற இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கும், டிரைவரிடம் சொல்லி வைக்க வேண்டும் என்றேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். முன் இருக்கை கொடுத்தார்.

பையனிடம் நான் வருகிறேன் என்று மட்டும் சொல், மற்றதை நானே அவனிடம் பேசிக்கொள்கிறேன். மாப்பிள்ளைக்கும் சொல்லலாம், இனி பரவாயில்லை.

நீ நிலையத்துக்கு வரும்போது எனக்கு மாற்றுத்துணி ஒரு செட் கொண்டு வா. தேவைப்படாமலும் போகலாம். இருந்தாலும் கொண்டு வா.

உன் அக்கா